ஐப்பசியில் எந்தப் பெருநகரத்துக்குப் போகலாம்? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காலாண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். நவராத்திரியை ஒட்டி நாலு நாள் கிடைக்கிறது, இல்லையென்றால் தீபாவளியோடு ஒரு வெள்ளிக்கிழமையைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கே போவது? கோடையில் இந்தக் கேள்வி வருவதில்லை. மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. திற்பரப்பில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை வரும், கன்னியாகுமரியில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், மலைப்பாதைகளில் மண் சரியும். கூரையும் கடைத்தெருவும் மியூசியமும் திருவிழாவும் இருக்கிற ஒரு பெரிய நகரத்தில் நாலு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று தோன்றுவது நியாயம்தான்.

எந்த நகரம் என்பதில்தான் சிக்கல். பக்கத்தில் இருக்கிற திருவனந்தபுரமே போதும் என்பார் அப்பா. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் இங்கே வாருங்கள் என்பாள். பிள்ளைகளுக்குத் தில்லி பார்க்க வேண்டும். யாரோ கொல்கத்தா துர்கா பூஜையின் வீடியோவைக் காட்டியிருப்பார்கள். சென்னையில் சித்தி வீடு இருக்கிறது. இந்த ஐந்தையும் நம் மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களின் கண்ணோட்டத்தில் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அக்டோபர் முதல் பாதியில் இருக்கும் தில்லியை நவம்பர் முதல் வாரத்தில் பார்க்க முடியாது. நவராத்திரியில் திருவனந்தபுரம் தருவதைக் கார்த்திகையில் அது தராது. இந்தப் பருவத்தில் பதினைந்து நாள் முன்பின் ஆனால் நகரமே மாறிவிடுகிறது.

ஒரு எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம்

மஞ்சளும் சிவப்புமாக இலை கொட்டிக் கிடக்கும் பூங்காப் படங்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடி இந்திய நகரங்களுக்குப் போனால் ஏமாற்றம்தான். தில்லியில் வேம்பும் அரசும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் இலை கொட்டும். அதாவது அங்கே இலையுதிர்வு வருவது வசந்தத்தில். பெங்களூரு, கொல்கத்தா பூங்காக்கள் அக்டோபரில் மழையில் நனைந்து நல்ல பச்சையாக இருக்கும்.

இலை நிறம் மாறி உதிர்வதைத்தான் பார்க்க வேண்டும் என்றால், மார்கழி கடைசியிலிருந்து தை வரை குலசேகரம், பேச்சிப்பாறை, ஆறுகாணி பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குப் போங்கள். இலைகள் செம்பு நிறமாகிக் கொட்டும், தரை முழுக்கச் சருகாக இருக்கும், சில வாரங்களில் புதுத் தளிர் வந்துவிடும். பால் வெட்டுகிறவர்களுக்கு அது வருமானம் குறைகிற காலம். பார்க்கிறவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே கிடைக்கிற இலையுதிர்காலம். அதற்கு ரயில் டிக்கெட் தேவையில்லை.

நகரங்களில் இந்தப் பருவம் தருவது வேறு. மழை கழுவிவிட்ட வானம், பூக்கிற சில மரங்கள், தொடர்ந்து வரும் திருவிழாக்கள், மாலையில் சீக்கிரம் இறங்கும் வெயில், வடக்கே போகப் போக முதல் குளிர்.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதல் அளவுகோல் மழை. எத்தனை மில்லிமீட்டர் பெய்கிறது என்பதைவிட எந்த நேரத்தில் பெய்கிறது என்பதுதான் முக்கியம். தினமும் மூன்று மணிக்கு மேல் மட்டும் பெய்கிற ஊரில் காலை முழுவதும் சுற்றலாம். காற்றழுத்தத் தாழ்வு நிலை வந்து மூன்று நாள் விடாமல் கொட்டுகிற ஊரில் அறைக்குள் இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, போகவர எத்தனை நாள். நாம் இந்தியாவின் ஒரு முனையில் இருக்கிறோம். மதுரைக்காரருக்கோ சேலத்துக்காரருக்கோ சரியாக வருகிற திட்டம் நமக்கு வராது.

மூன்றாவது, அந்தப் பருவத்தில் அங்கே மட்டும் கிடைப்பது என்ன. எந்த மாதத்திலும் பார்க்கக்கூடிய மாலையும் மெட்ரோவையும் பார்க்க ஐப்பசியில் போக வேண்டியதில்லை. நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான்.

நான்காவது, கணக்கில் வராத செலவு. டிக்கெட்டும் ஹோட்டலும் எல்லோரும் பார்ப்பதுதான். ஆட்டோ, கால்டாக்சி, ஸ்வெட்டர், ரத்தான ரயிலுக்குப் பதில் எடுக்கும் விமானம், நனைந்துபோன செருப்பு எல்லாம் சேர்ந்துதான் திட்டத்தைக் கவிழ்க்கும்.

ஐந்தாவது, கூட வருகிறவர்கள். முட்டி வலி உள்ள அம்மா, இழுப்பு உள்ள பிள்ளை, கைக்குழந்தை. இவர்களில் ஒருவர் இருந்தாலே முடிவு மாறும்.

| நகரம் | பருவநிலை | பயணம் | போக நல்ல சமயம் | கவனம் |
|---|---|---|---|---|
| திருவனந்தபுரம் | காலை வெயில், பிற்பகல் இடிமழை | ரயிலில் சுமார் 70 கி.மீ. | நவராத்திரி, ஐப்பசித் திருவிழா | மாலை மின்னல், சாலை நெரிசல் |
| பெங்களூரு | இதமான குளிர், அக்டோபரில் மாலை மழை | ஓரிரவு ரயில் | நவம்பர் நடுவுக்குப் பின் | போக்குவரத்து, பண்டிகைக் காலக் கட்டணம் |
| கொல்கத்தா | புழுக்கம், இடையிடையே மழை | ஒன்றரை நாளுக்கும் மேல் | துர்கா பூஜை, ஜகத்தாத்ரி பூஜை | கூட்டம், வங்கக் கடல் புயல் |
| தில்லி | தெளிந்த வானம், இரவில் குளிர் | ரயிலில் இரண்டு இரவு | அக்டோபர் நடு வரை | தீபாவளியை ஒட்டிய புகை |
| சென்னை | வடகிழக்குப் பருவமழை | ஓரிரவு, அல்லது பகல் வந்தே பாரத் | கொலு நாட்கள் | நவம்பர் வெள்ளம் |

திருவனந்தபுரம்

பக்கத்து ஊர் என்பதாலேயே இதை யாரும் சுற்றுலாவாக நினைப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கும் விமானம் ஏறவும் போகிற இடம் என்றே பழகிவிட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நவராத்திரியில் குமரி மாவட்டத்துக்காரர் பார்க்க வேண்டிய முதல் நகரம் இதுதான்.

காரணம், அந்த விழாவின் தொடக்கமே நம் ஊரில்தான். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும், நவராத்திரிக்கு இங்கிருந்து தெய்வங்கள் அங்கே போய்வருகிற வழக்கம் நிற்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகக் கிளம்புவார்கள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு நடக்கும். முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை. களியக்காவிளையில் கேரள அரசு தரப்பில் வரவேற்பு. நகரத்தில் சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டை. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து இதைத் தொடர்ந்து நடத்துகின்றன.

நவராத்திரி மண்டபத்துக் கச்சேரிகளை ஒரு மாலையாவது கேட்டுவிடுங்கள். ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் இந்த விழாவுக்கென்றே இயற்றிய கிருதிகள், நாளுக்கு ஒன்று என்ற முறையில் பிரதானமாகப் பாடப்படும். எண்ணெய் விளக்கு வெளிச்சம். கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. பெண்கள் அங்கே பாட வெகுகாலம் அனுமதி இருக்கவில்லை. 2006இல் அந்தத் தடையைக் கடந்து முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளையைத் தாண்டியதும் வருகிற அதே பாறசாலைதான். வேஷ்டி, புடவை என்று மரபான உடையில் போனால் சிரமமில்லை.

நவராத்திரியைத் தவறவிட்டவர்களுக்கு ஐப்பசித் திருவிழா இருக்கிறது. பத்மநாபசுவாமி கோவிலிலிருந்து சாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் போக வேண்டும். அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைப்பார்கள். உலகத்தில் வேறு எங்கே இதைப் பார்க்க முடியும்? ஆனால் அதே நாளில் நீங்கள் தில்லிக்கோ பெங்களூருக்கோ விமானம் ஏறுவதாக இருந்தால், மாலை நேரம் மாறியிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை விஷயத்தில் இந்த ஊர் ஒழுங்கானது. துலாவர்ஷம் என்று நம் பக்கமும் சொல்கிற இந்த மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் இடியோடு வரும். காலை பளிச்சென்று இருக்கும். ஆகவே காலையில் மிருகக்காட்சி சாலை, நேப்பியர் மியூசியம், கனகக்குன்று. மதியம் சாலைக் கடைத்தெரு, தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். அந்தச் சுருள் கட்டடத்தில் உட்கார்ந்து மழை விடும்வரை காபி குடிக்கலாம். மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் திங்கட்கிழமை விடுமுறை. நவராத்திரி விடுமுறை திங்களில் வந்தால் நிறையப் பேர் வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள்.

செலவு மிகக் குறைவு. சாதாரண டிக்கெட்டில் ரயிலில் போகலாம், இரவு வீடு திரும்பலாம். கணக்கில் வராதது காரில் போகும்போதுதான். மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் நெரிசல். கோட்டைப் பக்கம் திருவிழா நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கனமழை நாளில் ரயிலையும் முழுதாக நம்ப முடியாது. 2021 நவம்பர் நடுவில் நாகர்கோவில், திருவனந்தபுரம் தடத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றுபோயின. வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுவது எளிது. பக்கத்தில் இருப்பதன் பெரிய வசதியே அதுதான்.

வயதானவர்கள், கைக்குழந்தை, குறைந்த பணம், ஒரு நாள் இரண்டு நாள் மட்டும் விடுமுறை: இதில் எது இருந்தாலும் திருவனந்தபுரம்தான். குளிர் வேண்டும், புது மொழி, புதுச் சாப்பாடு வேண்டும் என்றால் இது பத்தாது. புட்டும் கடலையும் வீட்டிலேயே கிடைக்கிறது.

பெங்களூரு

பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது கேள்வியே இல்லாத தேர்வு. தங்கும் செலவு மிச்சம். சேலம் வழியாக நாகர்கோவிலுக்கு ஓரிரவு ரயில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து கேரளம் வழியாகச் சுற்றிப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸும் உண்டு. நேரம் அதிகம் ஆனாலும் பகலில் கேரளத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் ஊரின் இதம் உண்மையானது. அக்டோபரில் பகல் 28 டிகிரி, இரவு 19 டிகிரி அளவில் இருக்கும். வியர்வை இல்லாமல் நடக்கலாம் என்பதே நமக்கு ஒரு விடுமுறைதான். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, செப்டம்பரும் அக்டோபரும்தான் அந்த ஊரில் மழை அதிகம் பெய்கிற மாதங்கள். மாலையில் ஒரு மணி நேரம் கொட்டினால் சுரங்கப் பாதைகளில் தண்ணீர் நின்று, ஆறு கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆயுதபூஜை விடுமுறைக்குப் பெங்களூரு போகிறவர்கள் பாதி நாளை வண்டிக்குள்ளேயே கழிக்கிறார்கள்.

அதனால் நவம்பர் நடுவுக்குப் பிறகு போவதையே நான் சொல்வேன். மழை அடங்கியிருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து சாலையோர டபெபூயா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். கப்பன் பூங்கா, லால்பாக் இரண்டுக்கும் மெட்ரோவிலேயே போகலாம். கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை விடுவதில்லை, பிள்ளைகளை ஓட விடலாம். கார்த்திகையின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் பெரிய நந்திக் கோவிலை ஒட்டிக் கடலைக்காய்ப் பரிசே நடக்கும். புதிதாகப் பறித்த நிலக்கடலைக்கு ஒரு திருவிழா. தெரு நெடுக வேகவைத்தது, வறுத்தது, பச்சை என்று கடலை குவிந்து கிடக்கும். ஐடி கட்டடங்களுக்கு அப்பால் இருக்கிற பழைய பெங்களூரைப் பார்க்க இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரிந்து இல்லை. கர்நாடகப் பஞ்சாங்கத்தில் மாதக் கணக்கு வேறு என்பதால் நாளை மட்டும் அந்த வருடக் காலண்டரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செலவு. பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பஸ் கட்டணம் தாறுமாறாக ஏறும். நாம் அங்கே போகிற நாளில் அங்கிருந்து எல்லோரும் ஊருக்கு வருவார்கள், நாம் திரும்புகிற நாளில் எல்லோரும் அங்கே போவார்கள். இதைச் சரியாகப் பயன்படுத்தினால் லாபம். தீபாவளிக்கு முந்தைய நாள் நாகர்கோவிலிலிருந்து பெங்களூரு போகும் வண்டியில் இடம் கிடைக்கலாம், திரும்பும்போது ஞாயிறு இரவைத் தவிர்த்துவிட வேண்டும். விமானத்தில் போனால், நிலையம் நகரத்திலிருந்து வெகு தூரம் தள்ளி தேவனஹள்ளியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இறங்கியபின் கொடுக்கும் டாக்சிக் காசு, சில நாட்களில் விமான டிக்கெட்டையே நினைவூட்டும்.

கொல்கத்தா

கூட்டம் பிடிக்குமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிவு கிடைத்துவிடும்.

வங்காளிகளுக்கு ஆண்டின் உச்சமே இந்தப் பருவம்தான். மழை ஓய்ந்து வெள்ளை மேகங்கள் வரும். ஆற்றங்கரைகளில் நாணல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். விடியற்காலையில் பவளமல்லி உதிர்ந்து கிடக்கும். நம் வீட்டு முற்றங்களிலும் இருக்கிற அதே பவளமல்லிதான், ஆனால் அங்கே அந்தப் பூ வந்தாலே பூஜை வந்துவிட்டது என்று பொருள். 2021 டிசம்பரில் கொல்கத்தா துர்கா பூஜை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சஷ்டி முதல் தசமி வரை ஊர் தூங்குவதில்லை. பூஜையின் முக்கிய இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். தெருவுக்குத் தெரு பந்தல், ஒவ்வொன்றிலும் அந்த வருடத்துக்கென்று ஒரு கருத்து, அதற்கேற்ற சிற்பமும் விளக்கும்.

கூட்டம் வேண்டாம், கலை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பூஜைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே போய்விடுங்கள். குமார்துலி என்கிற குயவர் பகுதியில் வைக்கோல் கட்டி, களிமண் பூசி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறக்கும் வேலையை நெருக்கத்தில் பார்க்கலாம். இன்னொரு வழி, பூஜைக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து வருகிற ஜகத்தாத்ரி பூஜை. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் எளிதில் போகக்கூடிய சந்தன்நகரில் மின்விளக்கு அலங்காரத்துக்குப் பேர்போன விழா அது. அப்போது வானிலையும் மேலாக இருக்கும். அக்டோபரில் கொல்கத்தா புழுங்கும், இரவிலும் 24 டிகிரி அளவில்தான் இருக்கும். குளிர் தேடிப் போகிறவர்களுக்கான ஊர் இல்லை.

ஒரு நடைமுறை விஷயம். கிழக்கே இருப்பதால் அங்கே சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டும். அக்டோபர் நடுவில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருள் கவியத் தொடங்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் பகல் போதாது. காலை ஆறுக்கே இறங்கிவிடுங்கள்.

கன்னியாகுமரி, ஹௌரா ரயில் வாரம் ஒரு முறைதான். அதன் கிழமை உங்கள் விடுமுறையோடு ஒத்துவராவிட்டால் சென்னை போய் மாற வேண்டும். போகவர நாலு நாள் பயணத்துக்கே போகும் என்பதால் ஒன்பது, பத்து நாள் விடுமுறை இருப்பவர்களுக்கே இது சரி. பூஜை வாரத்தில் ஹோட்டல் வாடகை உயரும். வங்கக் கடல் புயலும் இதே மாதங்களில்தான். 2024 அக்டோபரில் டானா புயல் ஒடிசாக் கரையைக் கடந்தபோது கிழக்குக் கரை ரயில்கள் பல ரத்தாயின. திரும்பும் தேதிக்கு மறுநாளே அலுவலகம் போக வேண்டும் என்ற நிலையில் போகாதீர்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், லேக் மார்க்கெட் பக்கம் இட்லி, தோசை கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் இட்லியைத் தேடவே மாட்டீர்கள்.

தில்லி

ஐந்து நகரங்களில் வடநாட்டு இலையுதிர்காலம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது தில்லியில்தான் இருக்கிறது, அதுவும் மிகக் குறுகிய காலத்துக்கு. செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவமழை அங்கிருந்து விலகும். அதன்பின் வருகிற இரண்டு, மூன்று வாரம் வானம் நீலமாக, மழை பயமில்லாமல் இருக்கும். பகலில் இன்னும் சுடும், ஆனால் காற்றில் ஈரம் இல்லாததால் வியர்க்காது. அக்டோபர் கடைசியில் இரவு 17 டிகிரிக்கு வரும், நவம்பர் நடுவில் 12, 13. நம்மில் பலருக்கு ஸ்வெட்டர் போட்டு நடப்பதே முதல் அனுபவமாக இருக்கும்.

சாலையோரங்களில் ஏழிலைப்பாலை பூக்கும் காலமும் இதுதான். நம் பக்கம் யட்சி குடியிருக்கிறாள் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற அதே பாலை மரம். தில்லியில் தெருத்தெருவாக நட்டிருக்கிறார்கள். இருட்டியபின் வாசனை தலையைச் சுற்ற வைக்கும். இழுப்பு, ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்கு அந்த வாசனையே ஒத்துக்கொள்ளாது.

லோதி பூங்காவில் கட்டணமில்லை, காலையில் கல்லறைகளுக்கு நடுவே நடக்கலாம். ஹுமாயூன் சமாதியும் அதை ஒட்டிய சுந்தர் நர்சரியும் ஒரு முழு நாளுக்குப் போதும். நவராத்திரி இரவுகளில் செங்கோட்டைப் பக்கமும் ராம்லீலா மைதானத்திலும் ராம்லீலா நடக்கும், தசராவன்று ராவணன் உருவத்தை எரிப்பார்கள். சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளிகளின் துர்கா பூஜையும் பார்க்கலாம், கொல்கத்தா போக முடியாதவர்களுக்கு அது ஓரளவு ஈடு. ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் என்கிற முருகன் கோவில் இருக்கிறது, சுற்றிலும் தமிழ்க் குரல் கேட்கும். செங்கோட்டை திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இப்போது முக்கியமானது. அக்டோபர் கடைசியிலிருந்து காற்று கெடத் தொடங்கும். காற்றின் வேகம் குறையும், குளிர்ந்த காற்று தரையோடு தங்கும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுவடைக்குப் பின் தாளை எரிக்கும் புகை வரும், வண்டிப் புகையும் கட்டட வேலைத் தூசியும் ஏற்கெனவே இருக்கும், தீபாவளிப் பட்டாசு அதன் மேல் சேரும். மிக மோசமான நாட்களில் அரசே பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றுகிறது, சில வகை வண்டிகளைத் தடை செய்கிறது. கடற்காற்றில் வளர்ந்த நம் நுரையீரலுக்கு இது பெரிய அதிர்ச்சி. தீபாவளி விடுமுறைக்குத் தில்லி போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றே ஒன்று: வேண்டாம். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ இதய நோயாளியோ சிறு குழந்தையோ இருந்தால் இதில் பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட் எடுத்தாயிற்று என்பதற்காகப் போகவும் வேண்டாம். காலாண்டு விடுமுறையில் போங்கள், இல்லையென்றால் அடுத்த பிப்ரவரிக்கு வையுங்கள்.

பயணத்துக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ், ஹிம்சாகர் இரண்டும் கன்னியாகுமரியிலிருந்தே கிளம்புகின்றன. தினசரி அல்ல. வண்டியிலேயே இரண்டு இரவு. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். நாலு பேருக்குப் போகவர விமானம் என்றால் மற்ற எல்லாச் செலவையும் அது விழுங்கிவிடும், ஆகவே போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று பிரித்துக்கொள்ளலாம். வழியில் நாடே கடந்து போகிறதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

சென்னை

உறவினர் வீடு இருக்கிறது, பகலில் வந்தே பாரத் சுமார் ஒன்பது மணி நேரத்தில் கொண்டுவிடும் (புதன்கிழமை மட்டும் இல்லை) என்பதால் மனம் அங்கேயே போகும். ஆனால் நம் வீட்டு வாசலில் பெய்கிற அதே வடகிழக்குப் பருவமழை அங்கே இன்னும் பலமாகப் பெய்யும். நவம்பர் என்றாலே அந்த ஊருக்குக் கவலை. 2015இல் நடந்ததை யாரும் மறக்கவில்லை. நவராத்திரியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் கொலு பொம்மைக் கடைகள், தீபாவளிக்குத் தியாகராய நகர் துணிக்கடைகள், இவை இரண்டும்தான் இந்தப் பருவத்தில் போகக் காரணம். மற்றபடி மார்கழிக்கு வையுங்கள். அப்போது மழை குறைந்திருக்கும், சபாக்களில் கச்சேரியும் தொடங்கியிருக்கும்.

யாருக்கு எது

ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் கிடைப்பவர்களும் பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்களும் திருவனந்தபுரம் போகலாம். நவராத்திரியாக இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் ஊர்வலத்தைக் குழித்துறையில் பார்த்துவிட்டு, பிறகு நகரத்தில் கச்சேரிக்குப் போங்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் இருக்கிறது, பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் தில்லி. அந்த வயதில் செங்கோட்டையைப் பார்ப்பது பாடப்புத்தகத்துக்கு உயிர் கொடுக்கும். ஒவ்வாமை, இழுப்பு இருந்தால் அதே வாரத்தில் பெங்களூரு. மாலை மழைக்குத் தயாராகப் போங்கள்.

தீபாவளி விடுமுறைதான் இருக்கிறது என்றால் தில்லியையும் சென்னையையும் விட்டுவிடுங்கள். பெங்களூரு போகலாம், இல்லை என்றால் பண்டிகையை வீட்டில் கொண்டாடிவிட்டு ஒரு நாள் திருவனந்தபுரம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளும், நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழாவும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் வருகிற மூன்று வாரமே அவர்களுக்கு வசதி. அந்த வாரங்களில் பெங்களூரு நன்றாகவே இருக்கும்.

இளைஞர்கள், நண்பர் கூட்டம், பத்து நாள் கையில் இருப்பவர்கள், தயங்காமல் கொல்கத்தா. இந்தப் பட்டியலில் வாழ்நாள் முழுவதும் பேச வைக்கும் ஊர் அதுதான் என்று நினைக்கிறேன்.

டிக்கெட் பற்றி ஒன்று. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் ஜூன் மாதமே உட்கார்ந்து தேடினால் எதுவும் திறக்காது. நவராத்திரிப் பயணத்துக்கு ஆடி நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை, தீபாவளிக்கு ஆவணி மாதம் என்று தோராயமாக வைத்துக்கொண்டு, கிளம்பும் தேதியிலிருந்து 60 நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த நாள் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு அதேபோல் இன்னொரு நாள் உட்கார வேண்டும். போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்புவதை மறப்பவர்கள்தான் கடைசியில் ஆம்னி பஸ்ஸுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்.